நாலாவது பிளக்

சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டு, இளவரசன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அலுப்பு. இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த நிமிஷமே தூங்கிப்போக ஆம்பிளைகளால்தான் முடியும்.

தேவிப்ரியா வண்டிச் சாவியோடு வாசற்படியில் நின்றாள். கூரத்திலிருந்து காலேஜுக்கு வரும் பெண்களை அப்போதுதான் இறக்கிவிட்டு வந்திருந்தாள்.

"யாருங்க வர்றது?"

"முசரவாக்கத்துல வீராசாமின்னு ஒருத்தர். நெல்லு மூட்ட ஏத்த வண்டி தேடிக்கினு இருக்காரு. இன்ஜினு மொத்தமா உக்கார்றதுக்கு முன்ன தள்ளி உட்டுடலாம்" என்றது போர்வை.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லீங்க. பிளக்குதான்."

"ஆமா, நீ பெரிய மெக்கானிக்கு."

அதற்குமேல் குறட்டைதான் வந்தது.

வண்டி இளவரசனுடையதுதான். பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேரைப் போல அவனும் தறியில் உட்கார்ந்தவன். ஒருநாள் போதும் என்று எழுந்து, இந்த வேனை வாங்கி ஓட்டினான். பிறகு கம்பெனி வேலை கிடைத்தது. வேன் வாசலில் தூசி படிந்து நின்றது. அந்தத் தூசியைத் தட்டியது தேவிப்ரியா. ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, கூரம் பெண்களை ஏற்றி இறக்க ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அவள் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகள் தீர்ந்ததும், அவற்றின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாக எடுத்து விரலில் முறுக்கி ஒட்டவேண்டும். சுவரைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வேலை. அதை அவள் நன்றாகச் செய்வாள், ஆனால் அறவே பிடிக்காது. கூரத்துக்குப் போகும் ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு வயல் காற்று முகத்தில் அடிக்க ஓட்டுகிற நேரம்தான் அவளுக்கு உயிர். அதை விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார அவளால் ஆகாது.

வண்டிக்கு நோய் வந்தது உண்மைதான். பாலம் ஏறும்போது விக்கல் எடுத்தவன் மாதிரி குலுங்கியது. நின்றால் நடுங்கியது. ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஆனந்தகுமாரிடம் போன மாதமே கொண்டுபோய்க் காட்டினாள். நாலு சிலிண்டரில் ஒன்று எரியவில்லை, தீப்பொறி கொடுக்கிற பிளக்குகளை மாற்றினால் சரியாகிவிடும் என்றார் அவர். முதல் மூன்று பிளக்கையும் கழற்றிப் பார்த்தார். நாலாவதில் தோற்றுப்போனார்.

இந்த வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் சாய்ந்து படுத்திருக்கும். சீட்டைத் தூக்கினால் மூன்று பிளக்குகள் கைக்கு வரும். நாலாவது பின்னால், குறுக்கே போகிற ஒரு இரும்புச் சட்டத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கும். ஆனந்தகுமாரின் கை முறம் மாதிரி அகலம். அந்தச் சந்துக்குள் மணிக்கட்டுக்குமேல் போகவில்லை. ஸ்பேனரை எப்படியோ மாட்டித் திருப்பினால் அது அசையவும் இல்லை. இன்ஜினை இறக்கித்தான் பார்க்கவேண்டும், வண்டியை நாலைந்து நாள் விட்டுவிட்டுப் போ என்றார். காலேஜ் பெண்களை யார் கொண்டுவிடுவது? அவள் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அது தப்பு என்று இப்போது உறைத்தது.

இன்னும் மத்தியானம் ஆகவில்லை. நாலு மணிக்குள் வண்டி நடுக்கமில்லாமல் ஓடினால் விற்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். அவள் கணக்கு அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆனந்தகுமார் கடைக்குப் போனாள்.

"அண்ணா, பிளக்கு கழட்டற சாமானுங்கள குடுங்க. சாயங்காலம் குடுத்துடறேன்."

ஆனந்தகுமார் அவள் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். முகம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"இன்னாமா, மெய்யாலுமே கை வெக்கப் போறியா? நாலாவதுகிட்ட வம்பு வெச்சிக்காத. பிளக்கு இரும்பு, அது உக்கார்ற ஹெட்டு அலுமினியம். முரட்டுத்தனமா திருப்பனா இரும்பு ஜெயிச்சிடும், ஹெட்டு மரை புடுங்கிக்கினு வந்துடும். அப்பால வண்டிய இரும்புக் கடைலதான் போடணும்."

"போடமாட்டேன். குடுங்க."

ராட்செட் ஸ்பேனர், உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட், நீட்டுக் கம்பி, துரு இளக்கும் ஸ்ப்ரே, எல்லாம் எடுத்து ஒரு பையில் போட்டார். கடைசியாக, முழங்கை மடங்குவது போல மடங்குகிற ஒரு சின்ன ஜாயிண்டை எடுத்துக் கொடுத்தார். கம்பி நேராகப் போகமுடியாத இடத்தில் இதை நடுவில் மாட்டினால் வளைந்து போகும். "இத ரொம்ப மடக்காத. மடக்கித் திருப்பனா பிளக்கோட பீங்கான் ஒடஞ்சிடும்" என்று தெரு வரை வந்து சொன்னார். நாலு புது பிளக்கை வழியிலேயே வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சீட்டுகளைத் தூக்கி நிறுத்தினாள். இன்ஜின் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்ட பாவுகளைச் சுருட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு இந்திராணி மட்டும் சாயம் தோய்த்த பட்டு நூல் கழிகளைக் கொம்பில் உதறிப் போட்டுக்கொண்டே இவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற 'காயில்' ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒயரைக் கழற்றி, ஒரு போல்ட்டை எடுத்து, காயிலை மேலே இழுத்தாள். கீழே ஆழமான குழி, அதன் அடியில் பிளக். குழியில் மண்ணும் தூசியும் கிடந்தன. அப்படியே பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் இன்ஜினுக்குள் போய்விழும். அவள் சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்து குழிக்குள் காற்றடித்தாள். ஒரு வண்டி மண் அவள் முகத்துக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள்.

முதல் மூன்றும் மரியாதையாக வந்தன. முனைகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. அவற்றில் நோய் இல்லை. நோய் நாலாவதில்தான்.

நாலாவதற்கு நீட்டுக் கம்பி போகவில்லை, சட்டத்தில் இடித்தது. மடங்குகிற ஜாயிண்டை மாட்டினாள். அது குடிகாரன் தலை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கியது. குழிக்குள் விட்டால் சாக்கெட் பிளக்கின்மேல் உட்காராமல் சரிந்தது. நாலைந்து தடவை சரிந்ததும் வெளியே எடுத்து அதைத் திட்டினாள். பிறகு ஒயர் டேப்பை ஜாயிண்டைச் சுற்றி இறுக்கமாக ஒட்டினாள். இப்போது அது வளைந்தது, ஆனால் தொங்கவில்லை. சட்டத்துக்குக் கீழே கையை நுழைத்தாள். முழங்கை வரை போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாக்கெட் பிளக்கின்மேல் கச்சிதமாக உட்கார்ந்ததை விரல்தான் சொன்னது.

திருப்பினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தாள். அசையவே இல்லை. ஆனந்தகுமார் சொன்ன இரும்புக் கடை ஞாபகம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்த இளவரசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். சீட்டு இல்லாத வண்டியையும், கரி பூசிய பெண்டாட்டியையும் பார்த்தான்.

"இன்னா தேவி இது? ஆளு வர்ற நேரத்துல வண்டிய பிரிச்சி போட்டுக்கினு இருக்க?"

"நாலாவது வரமாட்டேங்குது. இத கடைசியா யாருங்க மாத்தனது?"

"நான்தான். ஓட்டிக்கினு இருந்தப்ப" என்றான் அவன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "வெளில குடுக்கல. நாலும் நானே போட்டேன். அது உள்ளாற இருக்குதா, ஆடிடக் கூடாதுன்னு நல்லா எண்ண போட்டு உட்டேன்."

"எண்ணயா?"

"தறில ஓடற நாடாவுக்குப் போடற எண்ணதான். வழவழன்னு ஏறிச்சி பாரு! அப்பால ஸ்பேனர்ல ஒரு பைப்ப சொருவி, படமரத்த இறுக்கற மாதிரி ஒரு இறுக்கு."

தேவிப்ரியாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தறிக்காரன் மூளை தறிக்காரன் மூளைதான். நெய்த சேலையைச் சுருட்டுகிற படமரத்தைக் கம்பு கொடுத்து எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. பாவு தொய்ந்தால் சேலை போச்சு. பாவுக்குக் குறுக்கே ஊடை இழையைக் கொண்டு ஓடுகிற நாடாவுக்கு எண்ணெய் போட்டால் இன்னும் நன்றாக ஓடும். தறியில் இந்த ரெண்டும் தப்பே ஆகாது. இன்ஜினில் ரெண்டும் தப்பு. எண்ணெய் போட்ட மரை வழுக்கிக்கொண்டு ஏறும், எவ்வளவு இறுகியது என்று கைக்குச் சொல்லாது. இவன் அதன்மேல் பைப் வேறு போட்டிருக்கிறான். அந்த எண்ணெய் ரெண்டு மூன்று வருஷமாகச் சூட்டில் வெந்து கரியாகி, பிளக்கை ஹெட்டோடு ஒட்டவைத்திருக்கிறது.

"நோவு இன்ஜின்ல இல்லீங்க, உங்க கைல" என்று கத்திவிட்டாள். எதிர்வீட்டில் பட்டுக் கழி உதறுகிற சத்தம் சட்டென்று நின்றது.

இளவரசன் முகம் சுருங்கியது. "எப்டியோ ஒண்ணு. அத ஒடச்சி வெச்சேன்னா அந்தாளு வண்டிய திரும்பிக்கூட பாக்கமாட்டான். மூடி வெச்சிட்டு வா, சொல்லிட்டேன்" என்று உள்ளே போனான். சாப்பிட்டான், மறுபடி படுத்தான்.

அவள் மூடிவைக்கவில்லை. வீம்பு என்று சொன்னாலும் சரி. மற்ற மூன்றிலும் புது பிளக்கையும் காயிலையும் மாட்டி, நாலாவதன் காயிலையும் திருப்பி வைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். நடுங்கிக்கொண்டே ஓடியது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். பிடி கொஞ்சம் தளரும். அதற்காக நெருப்பாகக் கொதிக்கிறபோது கைவைத்தால் மரை பிய்ந்துவரும். தொட்டால் பொறுக்கிற சூடு வந்ததும் நிறுத்தினாள். காயிலை மறுபடி எடுத்துவிட்டுக் குழிக்குள் ஸ்ப்ரேயை அடித்தாள். சும்மா உட்கார்ந்தாள். இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான், சும்மா உட்காருவது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் போகிறது, போகிறது என்று தெருமுனையையே பார்த்தாள்.

மறுபடி கையை நுழைத்தாள். ஒரு கையால் ஜாயிண்டை வளையாமல் தாங்கிக்கொண்டு, மறு கையால் ராட்செட்டைத் தள்ளினாள். பிடித்துத் தள்ளவில்லை. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து எதையோ உருவுகிற மாதிரி, நிதானமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

'க்ரீச்' என்று ஒரு சத்தம்.

உடைந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். உடையவில்லை, அசைந்திருக்கிறது! இம்மியளவு. இங்கேதான் அவசரப்படுகிறவர்கள் கெட்டுப்போகிறார்கள். அவள் மேற்கொண்டு கழற்றவில்லை. இம்மியளவு திருப்பி உள்ளே இறுக்கினாள், ஸ்ப்ரே அடித்தாள், மறுபடி இம்மியளவு வெளியே. முன்னுக்கு, பின்னுக்கு. கிறீச்சிட்டால் நிறுத்து, ஸ்ப்ரே காட்டு, பின்னுக்கு வா. முதுகு ஒடிந்தது. சட்டத்தின் விளிம்பு முழங்கையைக் கீறி ரத்தம் கசிந்தது. ஒரு கட்டத்தில் சத்தம் நின்று, பிளக் தானாகச் சுழல ஆரம்பித்தது. வெளியே எடுத்தபோது மரை முழுக்கக் கரி அப்பியிருந்தது. அதைத் தெருவில் வீசி எறியத் தோன்றியது. ஆனால் பைக்குள் போட்டாள்.

எடுத்தாயிற்று, இனிப் போடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத குழிக்குள் சாய்வாகப் போகிற மரையில், பிளக்கைக் கோணலாக ஏற்றிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு சாண் ரப்பர் டியூபை வெட்டி, புது பிளக்கின் பின்பக்கத்தை அதில் சொருகினாள். டியூபைப் பிடித்து பிளக்கை இறக்கினாள். கோணலாக ஏறினால் டியூப் பிளக்கின்மேல் வழுக்கும், மரை பிழைக்கும். முதலில் எதிர்ப்பக்கமாகத் திருகினாள். ஒரு சுற்றில் 'டக்' என்று விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன இறக்கம். மரையின் வாய் அது. அங்கிருந்து முன்னுக்குத் திருகினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பட்டு இழையை முறுக்குகிற அதே முறுக்கு. அந்த வேலையைத் திட்டிக்கொண்டே செய்த வருஷங்களுக்கு இன்றைக்காவது ஒரு பிரயோஜனம் வந்ததே என்று சிரித்துக்கொண்டாள். கை நிற்கிற வரை திருகி, பிறகு சாக்கெட்டை மாட்டி அரைச் சுற்று. பைப் கிடையாது, படமரம் கிடையாது, எண்ணெய் கிடையாது.

காயிலை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே இழுப்பில் எழுந்தது. நடுக்கம் இல்லை, விக்கல் இல்லை. கியர் கம்பிகூட ஆடாமல் நின்றது. தேவிப்ரியா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

சீட்டை இறக்கி, கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வீராசாமி தன் மொபெட்டில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பேச்சே இல்லாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஆக்சிலேட்டரை அழுத்தினார், விட்டார், காதைச் சாய்த்துக் கேட்டார். சட்டை மாட்டிக்கொண்டு வந்த இளவரசன் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா தம்பி, போன்ல கொறைன்னு சொன்ன? இது புதுசு மாதிரி இருக்குது!" என்றார் வீராசாமி. "ஒளிக்காம சொல்றேன்பா, எனக்கு புடிச்சிப்போச்சி. பேசனதுக்கு மேலயே தரேன். இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்க."

இளவரசனின் முகம் மலர்ந்தது. "அப்டிங்களா?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினான். "தேவி, அந்த ரெண்டாவது சாவிய எடுத்துக்கினு வா."

காலையிலிருந்து அவள் பட்ட பாடெல்லாம் வண்டியைப் போகாமல் நிறுத்த; அந்தப் பாடே இப்போது வண்டியை நல்ல விலைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. பிளக்குக்கு ஸ்பேனர் தேடிய புத்தி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தேடவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சரி, இப்போது சொன்னால் என்ன?

"விக்கறதில்லீங்க" என்றாள், வீராசாமியைப் பார்த்து.

"தேவி, உள்ள போ."

"போறேன். ஒண்ணு சொல்லுங்க. வண்டி சரியில்லன்னுதான விக்கறேன்னீங்க? இப்ப சரியாயிடிச்சி. இப்ப இன்னா காரணம்?"

"அது... அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்."

"இல்ல, இப்பவே சொல்லுங்க. நான் கேக்கணும்."

இளவரசன் தெருவை ஒரு தடவை பார்த்தான். எதிர்வீட்டுப் பட்டுக் கழிகள் அசையாமல் தொங்கின.

"காரணம் வோணுமா? தெருவுல போய் கேளு. இளவரசன் வண்டின்னு எவனாவது சொல்றானா? தேவி வண்டி, தேவி வண்டி! வாங்கனது நானு. டீக்கடைல உக்கார முடியல. 'இன்னாபா, சம்சாரம் வண்டி ஓட்டுது, நீ பகல்ல தூங்கிக்கினு இருக்கற'ன்றான். நைட்டெல்லாம் நின்னுக்கினே வேல செஞ்சிட்டு வர்றவன் நான். எவனுக்கு தெரியுது?"

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. வீராசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

தேவிப்ரியா சண்டைக்குத் தயாராக நின்றிருந்தாள். இதற்கு அவள் தயாராக இல்லை. ரெண்டு வருஷமாக இந்த மனுஷன் இதை மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான், பக்கத்தில் படுத்திருந்த அவளுக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது. அதே சமயம், எவனோ டீக்கடையில் நாக்கைச் சுழற்றியதற்கு அவள் சுவரைப் பார்த்து உட்காரவேண்டுமா என்று கோபமும் வந்தது. ரெண்டும் சேர்ந்தே வந்தன, எதையும் அவள் ஒதுக்கவில்லை.

"உங்களுக்கு வலிக்குதுன்னு இப்பதான் தெரிஞ்சிது. அத நாம பேசலாம். நைட்டு பூரா பேசலாம்" என்றாள். "ஆனா அதுக்கு வண்டி இன்னா பண்ணிச்சி? நான் இன்னா பண்ணேன்? கூரம் பொண்ணுங்க காலேஜ் வாசல்ல நிக்கும். நான் போவணும். விக்கறதில்ல."

வீராசாமி வண்டியிலிருந்து இறங்கினார். "தம்பி, வூட்ல பேசி முடிங்க. நான் இன்னொரு நாளு வரேன்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை நோக்கி நடந்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெரு முட்டுச்சந்து, பின்னால் எடுத்தால்தான் வெளியே போகமுடியும். வண்டிக்குப் பின்னால் இளவரசன் நின்றிருந்தான். கண்ணாடியில் அவன் தெரிந்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். அவள் ஹாரன் அடிக்கவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டுக்கொண்டு, பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தாள். சத்தம் போட்டு ஜெயிக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் இறங்கவும் போவதில்லை.

பிறகு இளவரசன் குனிந்து, ஓரத்தில் சாய்த்திருந்த சைக்கிளைத் தூக்கிச் சுவரோடு வைத்தான். இந்திராணி பட்டுக் கழி போட்டிருந்த கொம்பின் நுனியை உள்பக்கம் தள்ளினான். வண்டியின் முதுகில் ரெண்டு தட்டு தட்டினான்.

"வா... வா... லெஃப்ட்டு ஒடி... நேரா வா."

அவள் பிரேக்கை விட்டாள். தெருமுனையில் ஊடைப் பட்டு மூட்டையோடு ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தான்.

"யோவ், ஓரம் போய்யா, வண்டி வருது!" என்று இளவரசன் கத்தினான்.

"எவன் வண்டி?" என்றான் சைக்கிள்காரன், நகராமல்.

இளவரசன் கையைத் தூக்கியபடியே நின்றான். தேவிப்ரியா கண்ணாடியைப் பார்த்தாள்.

"தேவி வண்டிதான்யா. ஒதுங்கு" என்றான் அவன்.